பாறை விழுங்கிய தட்டல்

1

இந்தக் கதை ஒரு பாறையியல் கட்டுரையிலிருந்து வந்தது. ஈரம் ஏறிய பாறை அதிர்வை விழுங்கிவிடும். மேற்பாரம் அழுத்தி விரிசல்கள் மூடிப்போன ஆழத்துப் பாறை அதை அவ்வளவாகக் குறைக்காமல் கடத்தும். கட்டுரையில் மனிதர் யாரும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம். நான் ஒருவனைப் பாறைக்குள் வைத்துவிட்டேன்.

2

"1938 சித்திரையில் மல்லசமுத்திரத்துப் பக்கம் வானம் காய்ந்து, பூமி..." (வறட்சியில் தொடங்கும் கதைகள் போதும்.)

மறுபடியும்: கிணற்றுக்குள் பக்கவாட்டில் குடைந்துகொண்டிருந்த சென்றாயனைப் பாறை சரிந்து உள்ளேயே அடைத்துவிட்டது. அவன் சம்மட்டியால் தட்டினான். மேலே அவன் பெண்டாட்டி ஆராயி தரையில் காதை வைத்தாள். டொக், டொக். ஆள் இருக்கிறான். ஊர் கடப்பாரையோடு இறங்கியது.

3

தவறு அன்பினால் நடந்தது. உள்ளே இருப்பவனுக்குத் தாகமெடுக்குமே என்று யாரோ சொன்னார்கள். மேலே ஒரு விரிசல் இருந்தது. அது அவன் வரைக்கும் போகும் என்று நம்பினார்கள். தங்களுக்கே இல்லாத தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். மோரும் ஊற்றினார்கள். முன்னின்று ஊற்றியவன் சென்றாயனின் அண்ணன், பெயரே சின்னண்ணன். எல்லாவற்றையும் பாறை குடித்தது. தட்டல் மங்கி, நின்றுபோனது.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அதிர்வு வரும்போது விரிசல் நீர் நெளிந்து, அதன் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைத்துவிடுமாம். ஊருக்கு இது தெரியாது. எனக்கும் போன மாதம்தான் தெரியும்.)

செத்தவனுக்காக உயிரோடு இருப்பவனை அந்தச் சரிவுக்குள் அனுப்ப முடியாது என்றார்கள். நியாயம்தான். கடப்பாரைகள் மேலே வந்தன. சாவு மேளம் வந்தது.

4

ஆராயி என் பேச்சைக் கேட்கவில்லை. அழவைத்தேன், அழவில்லை. தாலியைக் கழற்றி வாங்கும் சடங்குக்குப் பெண்கள் அவளைத் தேடியபோது, அடுத்த நிலத்தில் வறண்டு கிடந்த ஆழக்கிணற்றில் இறங்கிவிட்டாள். குதிக்கப் போனாள் என்று எழுதி அடித்தேன். ஒளியத்தான் போனாள். அடியில் பாறையில் முதுகைச் சாய்த்தாள். முதுகில் வந்து விழுந்தது: டொக்.

(அங்கே பாறை காய்ந்தும் இறுகியும் இருந்தது. இந்த ஓரிடத்தில் கட்டுரை என் பக்கம்.)

5

ஏறி வந்து சின்னண்ணன் முன்னால் நின்றாள்.

"மாமா, அவரு தட்டறாருங்க. மேளத்த நிறுத்தச் சொல்லீட்டு, அந்தக் கெணத்துல எறங்கிக் கேளுங்க."

"சத்தம் நின்னுபோச்சே சாமி. அத்தன பேரும் கேட்டமே."

"எனக்குக் கேக்குதுங்க."

அவன் சுற்றிலும் பார்த்தான். "ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் எழவு சொல்ல ஆள் போயிருச்சு. இப்பப் போயி உசுரோட இருக்கான்னா யாரு மூஞ்சில முழிக்கிறது?"

"அவரு மூஞ்சில முழியுங்க."

6

முதல் முடிவில் சின்னண்ணன் இறங்குகிறான், கேட்கிறான், தோண்டுகிறார்கள். வாசகருக்குப் பிடிக்கும், அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

இரண்டாவதில் அவள் முதுகில் விழுந்தது மேளத்தின் அடி. நல்ல பாறை எதையும் தரம் பிரித்துக் கடத்தாது.

எது உண்மை என்று மேளத்தை நிறுத்தினால்தான் தெரியும். மேளக்காரர்கள் சின்னண்ணனின் கையைப் பார்த்தபடியே அடிக்கிறார்கள்; அது உயர்ந்தால் நிறுத்துவார்கள். அந்தக் கையை உயர்த்தி எழுதினேன், அடித்தேன், மறுபடியும் உயர்த்தி...

முடிவை உங்களிடம் விடுகிறேன். நீங்கள் நிதானமாக யோசிக்கலாம். சென்றாயனால் முடியாது.