வெண்டல் இறங்காத ஏழு வருடம்

மார்ச் ஒன்பதாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு நொவிகாட் ஏரிக்கு மேலே வட்டம் போட ஆரம்பித்த வெண்டலின் விமானம் ஏழு வருடம் கீழே இறங்கவில்லை. எரிபொருள் நாலு மணி நேரத்துக்குத்தான் இருந்தது. அதைப் பற்றி விமானம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் உட்காருகிற சின்ன விமானம். துணி போர்த்திய இறக்கை, சக்கரத்துக்குப் பதில் பனியில் வழுக்கும் கட்டை, சிவப்பு வால். ஏரி உருகியது, கொசு வந்தது, சால்மன் மீன் வந்து போனது, ஏரி மறுபடி உறைந்தது. விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு நாய்கள்கூட அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டன. நகரத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். ஊர்க்காரர்கள் விரலை நீட்டிக் காட்டினார்கள். அவர்களும் பார்த்தார்கள், தொப்பியைக் கழற்றிக்கூடப் பார்த்தார்கள். பிறகு ‘காணவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். கண்ணுக்கு முன்னால் சுற்றுகிறவனைக் காணவில்லை என்று எழுதுகிற பேனாவை வைத்துக்கொண்டுதான் நம்மை ஆளுகிறார்கள்.

அவன் இறங்காததற்குக் காரணம் மந்திரமும் இல்லை, சாபமும் இல்லை. மரக்கிளைதான் காரணம். வானமும் வெள்ளை, ஏரியும் வெள்ளை என்று இரண்டும் ஒட்டிப்போகிற நாட்கள் உண்டு. மேலே இருக்கிறவனுக்குத் தரை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. நூறடி உயரத்தில் இருக்கிறோம் என்ற நினைப்போடே பனிக்குள் மூக்கைக் குத்துவான். அதனால் விமானச் சத்தம் கேட்டதும் ஊசியிலை மரக்கிளைகளை ஏரிமேல் இரண்டு வரிசையாகப் போட வேண்டும். கறுப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், தரை எது என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். யார் வீட்டு ஆள் வருகிறானோ அந்த வீட்டார் போடுவது ஊர் வழக்கம். அன்றைக்கு விமானத்தில் வந்தது தபால் மூட்டை மட்டும். தபால் எல்லோருக்கும் பொது. பொது வேலை என்றால் கேட்கவா வேண்டும், ஒவ்வொரு வீடும் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெண்டல் தெற்கேயிருந்து வந்து இங்கே பெண் கட்டியவன். அவனுக்கென்று இந்த ஊரில் இருந்தது ஒரே வீடு, அவன் மனைவி ஹில்டா எசாயின் வீடு.

ஹில்டாவுக்குச் சத்தம் கேட்டது. கிளைகளைக் காலையிலேயே வெட்டி நாய்வண்டியில் அடுக்கியும் வைத்திருந்தாள். ஆனால் முந்தின நாள் சண்டை. நகரத்துக்குக் குடிபோகலாம் என்றான் அவன், செத்தாலும் வரமாட்டேன் என்றாள் இவள். அவள் வைத்த மூஸ் மான் இறைச்சிச் சாற்றைத் தொடாமலே படுத்துவிட்டான்.

“ரெண்டு சுத்து சுத்தட்டும், புத்தி வரும்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கிழிந்த தோல்பூட்ஸைத் தைக்க உட்கார்ந்தாள்.

நான்காவது சுற்றில் மனசு கேட்காமல் ஓடினாள். வண்டியோடு ஏரிக்குப் போய்க் கிளைகளைப் பரப்பி முடிப்பதற்குள் வெண்டல் கீழே பார்ப்பதை நிறுத்தியிருந்தான். அந்தப் பனிக்காலம் முழுக்க ஊரே சேர்ந்து தினமும் கிளை போட்டது. தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். அவன் கழுத்து அசையவில்லை. நேர் முன்னால் பார்த்தபடி இருந்தான்.

யாராவது பக்கத்தில் போய் அவனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். இறங்காமல் போனது யாரால் என்பது ஹில்டாவுக்குத் தெரியும், அதனால் இன்னொருவனை அனுப்ப அவள் சம்மதிக்கவில்லை. ஐந்தாம் வருடம், ஐம்பத்தொரு வயதில், விமானம் ஓட்டுகிற சித்தப்பா மகன் ராய் பெட்ருஸ்காவின் கொட்டகைக்குப் போய் நின்றாள். ராய்க்கு இருபத்தொன்பது வயது, வாய்க்குத் தொண்ணூறு.

“டேய், எனக்கு ஓட்டக் கத்துக்குடு.”

“எதை அக்கா?”

“உன் தலையை. விமானத்தடா.”

அவன் எல்லோரையும் கேட்பதுபோல அவளுடைய எடையைக் கேட்டான். சொன்னாள். ஏற இறங்கப் பார்த்தான்.

“எங்கிட்டப் பொய் சொல்லு, பரவால்ல. விமானத்துக்கிட்டச் சொல்லாத. மரத்து உச்சிகிட்டப் போனதும் உண்மை தானா வெளிய வந்துரும்.”

இரண்டு வருடம் பிடித்தது. நாய்வண்டி ஓட்டிப் பழகிய உடம்பு, திருப்பத்துக்குத் திருப்பம் சாய்ந்தது. “சாயாத அக்கா, இது நாய்வண்டி இல்ல” என்பான். “நாய்க்காவது சொன்னாப் புரியும்” என்பாள். வாத்து எந்தப் பக்கம் பார்த்து இறங்குகிறது என்பதில் காற்றைப் படித்தாள். ஆற்று நடுவே கூழாங்கல் திட்டில் இறங்குமுன் முதல் தடவை பார்த்துவிட்டுப் போ, இரண்டாம் தடவை தொட்டுவிட்டுப் போ, மூன்றாம் தடவை இறங்கு என்றான். இறங்கினாள். ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் அவள் மசியவில்லை. வெளியே எதுவும் தெரியாதபோது கண்ணையும் காதையும் விட்டுவிட்டு, எதிரே கருவிப் பலகையில் இருக்கிற முள்ளைத்தான் நம்ப வேண்டும் என்றான் ராய்.

“மனுசனையே நம்பாதவ நான். இந்தக் கடிகார முள்ளையா நம்பணும்?”

“நம்பாட்டிச் சாவே. என்னையும் கூட்டிட்டுச் சாவே.”

அவள் கண்ணை மறைத்துத் துணியைக் கட்டினான். விமானம் நேராகத்தான் போகிறது என்று சத்தியம் பண்ணினாள். துணியை அவிழ்த்தான். ஒரு இறக்கை தொங்கிப்போய் விமானம் ஏரியைப் பார்த்துச் சுருண்டு இறங்கிக்கொண்டிருந்தது. ராயின் கோட்டின்மேல் வாந்தி எடுத்தாள். மூன்று நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் வந்து, “அந்த முள்ளக் காட்டு” என்றாள்.

ஏழாவது மார்ச்சில், மேகமே இல்லாத ஒரு நாளில், ராயின் விமானத்தை எடுத்துக்கொண்டு தனியாக ஏறினாள். ஊர் முழுக்க ஏரிக்கரையில் நின்றது. மேலே போன பிறகுதான் தெரிந்தது: வெண்டலைச் சுற்றி இன்னும் அதே ஒன்பதாம் தேதி. தேவாலயம் அளவுக்கு ஒரு வெள்ளை அவனோடு சேர்ந்து சுற்றியது. ஹில்டா அதற்குள் நுழைந்தாள். மேலும் இல்லை, கீழும் இல்லை. இடதுபக்கம் கவிழ்கிறாய் என்று காது கத்தியது. நேராக இருக்கிறாய் என்றது முள். முள்ளை நம்பினாள். சிவப்பு வால் வந்தது, பிறகு இறக்கை, பிறகு அவன். சவரக்கத்தி பட்ட கீறல்கூடத் தாடையில் ஈரமாக இருந்தது. அன்றைக்கு அவளைவிட மூன்று வயது பெரியவன். இப்போது நாலு வயது சின்னவன்.

கழுத்து திரும்பியது. வெகுநேரம் பார்த்தான். ஏழு வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளுக்கு இரண்டு எந்திரங்களின் இரைச்சலில் வேலையே இல்லை. கீழே கை காட்டினாள். தரை தெரியவில்லை என்று உள்ளங்கைகளை விரித்தான். அவள் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி, பின்னால் வரச் சொன்னாள்.

தரை அவளுக்கும் தெரியவில்லை. விமானத்தின் மூக்கை ஒரு மயிரளவு தூக்கி, இறக்கத்தைக் காட்டும் முள்ளைச் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டாள். தரையைத் தேடினால் கை துடிக்கும், துடித்தால் இரண்டு பேரும் போவார்கள். தேடவில்லை. இந்த உலகத்தில் எதையும் நம்பாத பெண்பிள்ளை, ஒரு முள்ளை நம்பிக்கொண்டு வெள்ளைக்குள் இறங்கினாள். கட்டைக்கடியில் பனி சரசரத்தது. கொஞ்சம் பொறுத்துப் பின்னாலும் சரசரத்தது.

வெண்டல் கதவைத் திறந்து இறங்கினான்.

“கிளை போடலையா?”

“போடல. கோவம்.”

“சரி” என்றான்.

தபால் மூட்டையை மறுநாள் பிரித்துக் கொடுத்தார்கள். மூன்று கடிதங்களுக்கு உரியவர்கள் கல்லறையில் இருந்தார்கள். அங்கேயே கொண்டுபோய் உரக்கப் படித்தார்கள்.

அந்த வெள்ளை மட்டும் திரும்பி மேலே போகவில்லை. வெண்டல் நடக்க நடக்கக் கூடவே நடந்து, வீட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. பாதிரியார் தீர்த்தம் தெளிக்கப் போய்க் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் முள்ளங்கி முளைத்து, பூ விட்டு, கொசு மொய்க்கும்போதும் அந்த வீட்டில் மார்ச் ஒன்பதுதான். வேறு வீடு கட்டித் தருகிறோம் என்று ஊரார் சொல்லிப் பார்த்தார்கள். கோடைக் காலையில் கண்ணிமையில் பனியோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஹில்டா, ஆற்றில் தண்ணீர் மொண்டாள்.

“அந்த ஆளு எறங்கிட்டான்ல. அவன் பிடிச்சு வச்சிருந்த வானமும் கூட எறங்கிருச்சு. விறகு கொஞ்சம் கூடச் செலவாகுது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஜூலை மாதத்திலும் அந்த ஒரு வீட்டுக்கு ஊர் விறகு பிளந்து கொடுக்கிறது. யார் முறை என்று யாரும் கேட்பதில்லை.