நீளாத கால்

ராஜபாளையத்தில் பஞ்சுப் பொதி சுமக்கும் சிக்கந்தருக்கு வலது கால் நீளவில்லை. தூக்கத்திலும் தொடை வயிற்றை நோக்கி மடங்கியே கிடந்தது. தைலம் தேய்த்துச் சலித்த மனைவி ரஹ்மத்துன்னிசா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி பார்க்கும் பியூலாவிடம் அவனை அழைத்துப் போனாள்.

பியூலா அவனை மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மெல்ல அழுத்தினாள். கால் தாழ்ந்தது, ஆனால் இடுப்பு வில்லாக எழும்பியது. உடனே கையை எடுத்துவிட்டாள்.

"சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா?"

"ஆமா. வேலை அலுப்புன்னு இருந்துட்டோம்," என்றாள் ரஹ்மத்துன்னிசா.

தொடையிடுக்கில் மெத்தென்று ஒரு வீக்கம் பியூலாவின் விரலுக்குத் தட்டுப்பட்டது.

"இனி தைலம் தேய்க்காதீங்க. முதுகெலும்புல இருந்து தொடைக்கு வார சதையில சீழ் கட்டியிருக்கும்னு தோணுது. இன்னைக்கே மதுரைக்குப் போங்க."

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். காசநோய் முதுகெலும்பை அரித்து, அந்தச் சீழ் தொடைவரை இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் ஆபரேஷன் என்றார் டாக்டர்.

அன்று இரவு வார்டில் போர்வையைச் சரிசெய்யப் போன ரஹ்மத்துன்னிசா, அவனுடைய இடது முழங்காலும் மடங்கியிருப்பதைப் பார்த்தாள்.

"அந்தக் காலை நீட்டுங்க."

"நீட்டித்தானே வச்சிருக்கேன்," என்றான் சிக்கந்தர்.

அவள் அந்தப் பாதத்தை அழுத்திக் கிள்ளினாள். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை; கிள்ளியதே அவனுக்குத் தெரியவில்லை. நர்ஸைக் கூப்பிட வராந்தாவுக்கு ஓடினாள்.