பூ மார்க் டயர்

துணி வாங்கப் போனால் நான் முதலில் விலையைக் கேட்பதில்லை. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்துக் கசக்கிப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக அபாயா தைக்கிறவள், கண்ணைவிட விரல்தான் எனக்குச் சரியாகச் சொல்லும். அன்றைக்குக் கல்முனை பஸாரில் ஒரு டயர் கடையிலும் அதையேதான் செய்தேன். சுவரில் சாத்தி வைத்திருந்த டயர்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனேன். மாம்பழம் பார்க்கிறாள் என்று கடைக்காரர் நினைத்திருப்பார், நினைக்கட்டும். கடைசிக்கு முதல் டயரில் விரல் மெல்ல உள்ளே போய்த் திரும்பி வந்தது. அதன் பக்கவாட்டில் கோடு கோடாகச் சின்னதாக ஒரு பூவும் இருந்தது.

"ராத்தா, அது ஜப்பான் சாமான். அங்க கொஞ்சம்தான் ஓடியிரிக்கி, வரியெல்லாம் ஆழமா இரிக்கி பாருங்க. பூ மார்க் எண்டு கேட்டே ஆக்கள் வருவாங்க. மெத்தையில போற மாதிரி இரிக்கும். மழைக்கும் பிடிக்கும், பனிக்கும் பிடிக்கும்."

பனிக்கும் என்ற சொல்லில் விழுந்தேன். நாங்கள் விடியற்காலைச் சுபஹுத் தொழுத கையோடு வெளிக்கிடுகிற ஆட்கள். மார்கழி பிறந்தால் மாவடிப்பள்ளிக்கு அங்கால் இரண்டு பக்கமும் வயல், றோட்டெல்லாம் பனி, கண்ணாடியெல்லாம் பனி. எனக்கென்றே செய்த டயர் என்று நினைத்து அதே மாதிரி நாலு பூட்டச் சொல்லிவிட்டேன்.

டயரில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் அபுல் ஹஸன் தபால் கந்தோரில் முப்பது வருடம் ஊராருடைய கடிதங்களுக்கு முத்திரை குத்தியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையில் மூன்று நாள் அம்பாறை ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் மிஷினோடு படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினால் முகம் ஊதும். இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். மூன்றாவது நாளைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. சாய்ந்தமருதிலிருந்து அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது நான்தான், எங்கள் பழைய ஆல்ட்டோவில். நாற்பத்து நாலு வயதில் லைசன்ஸ் எடுத்தவள் நான், இந்த ஒரு வேலைக்காகவே எடுத்தேன்.

ஊசி போடுவதற்காக அவருடைய இடது கையில் நரம்பைச் சேர்த்து ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டால் தையல் மெசின் மோட்டர் மாதிரி ஓர் அதிர்வு ஓடும். அது ஓடுகிற வரைக்கும்தான் அந்தக் கையால் பிரயோசனம். அந்தக் கையால் எதையும் இறுக்கிப் பிடிக்கவோ தூக்கவோ கூடாது. ஆகையால் காரில் ஏறியதும் வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே நீட்டி, கதவுக்கு மேலே இருக்கும் கைபிடியைப் பிடித்துக்கொள்வார். பழைய டயர்கள் இறுகிப்போய்க் கல்லாகிவிட்டிருந்தன. குழிக்குக் குழி அவருடைய விரல்கள் வெளுக்கும், வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். அந்த விரல்களைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் டயர் கடைக்குப் போனேன்.

பூ மார்க் போட்ட பிறகு ஐந்து கிழமை ராஜபோகம். குழியே தெரியவில்லை. வளைவுகளில் மட்டும் காரின் பின்பக்கம் கொஞ்சம் நெளிகிற மாதிரி இருந்தது, மெதுமையான சாமான் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாட்டின் துணியும் விரலுக்கு மெதுமைதான், ஊசிக்குக் கீழே போனதும் வழுக்கும். அது தெரிந்த நான் அதை நினைக்கவில்லை, பாருங்கள்.

ஐப்பசியில் முதல் பெருமழை அடித்தது ஒரு வியாழக்கிழமை. சம்மாந்துறைக்கு இப்பால் ஒரு மாடு வயலுக்குள் இருந்து றோட்டில் ஏறியது. பிறேக்கை மிதித்தேன். சில்லு நின்றது, கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் வாய்க்கால் கட்டில் மூக்கை வைத்துத்தான் நின்றது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, காருக்கு ஒரு நெளிவு. அவருடைய இடது கை கதவில் அடிபட்டு முழங்கைக்குக் கீழே நீலம் பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ் மிஸ்ஸி குழாயை வைத்துக் கேட்டு, "ஓடுது, பயப்படாதீங்க" என்று சொல்லும் வரைக்கும் நான் கதிரையில் உட்காரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அவரைக் காக்கா என்று கூப்பிடுகிற தம்பி முபாறக் வந்தான். கல்முனையில் செருப்புக் கடை வைத்திருக்கிறவன். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் கூட.

"மதினி, கோவிக்காதீங்க. மாரியில இந்த றோட்டில பொம்புள ஓட்ட ஏலாது. இனிக் காக்காவ நான் கொண்டுபோறன்."

"காலையில எத்தன மணிக்கு எழும்புவீங்க?"

"ஏழு, ஏழரைக்கு எழும்புவன்."

"மிஷின் ஏழு மணிக்கு, ராசா."

அவன் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அவனுடைய பேச்சு எனக்கு ஒரு பொருட்டில்லை. அதையெல்லாம் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் பிறகு சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"ஷாஹினா, நாளைக்கு நான் போகல்ல. மாரி முடியட்டும்."

"மாரி முடிய மூணு மாசம்."

"ஓம்," என்றார்.

மூன்று மாதம் என்றால் என்ன என்று தெரிந்துதான் ஆம் என்றார். ஊசிக்குப் பயந்து சொன்ன சொல் அது இல்லை. என்னை அலைக்கழிக்கிறோம், என்னை ஊர் பேசுகிறது, இனிப் போதும் என்று அவர் எடுத்த முடிவு. சனிக்கிழமை போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அசையவேயில்லை. கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். ஞாயிறு காலையில் கண் இரண்டும் வீங்கி, கால் செருப்புக்குள் போக மறுத்தது. எனக்குப் பயம் வந்தது. எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபம் வரும், கோபம் வந்தால் இருந்த இடத்தில் இருக்கமாட்டேன். காரை எடுத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து காரைதீவுக்குப் போனேன். சுஜிந்தன் அங்கே டயர் கடை வைத்திருக்கிறான். அவனுடைய மனைவிக்குச் சட்டை தைக்கிறது நான்தான், எனக்குப் பொய் சொல்லமாட்டான்.

அவன் ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தான்.

"அக்கா, இத ஆரு தந்த?"

"ஆரும் தரல்ல. நான்தான் தெரிஞ்செடுத்த. பூ மார்க்."

"இது பூ இல்ல அக்கா. வடிவாப் பாருங்க. சுத்திவர மலை, நடுவில இரிக்கிறது பனி."

"பனிதானே தம்பி? மார்கழியில எங்கட றோட்டெல்லாம் பனிதானே?"

சிரிக்கக் கூடாது என்று அவன் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. முடியாமல் நிலத்தில் குந்திவிட்டான். பிறகு போனை எடுத்து, கனடாவில் இருக்கிற மச்சான் அனுப்பிய ஒரு படத்தைக் காட்டினான். மரம், வீடு, றோட்டு எல்லாம் வெள்ளை. ஒரு காரைப் பாதி வெள்ளை விழுங்கியிருந்தது.

"இந்தப் பனி அக்கா. ஐஸ். அந்தக் குளிருக்கு டயர் இறுகிடும் எண்டு மெதுவான றப்பர்ல செய்யிறாங்க. எங்கட சூட்டுக்கு அது இன்னும் இளகும், மழைத்தண்ணியில நிக்காது. இந்தா, இந்த நாலு இலக்கத்தப் பாருங்க. கடைசி ரெண்டும் செஞ்ச வருசம். ரெண்டாயிரத்துப் பதினாலு, அவ்வளவு பழசு."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்திரண்டு வருடம் நம்பிய விரல்! மழையைக் குற்றம் சொன்னேன், மாட்டைக் குற்றம் சொன்னேன், ராவெல்லாம் படுத்துக்கொண்டு என் காலைக்கூடக் குற்றம் சொன்னேன். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டு, பனி கொட்டுகிற தேசத்து டயரில் என் மனிசனை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

"சரி. இப்ப எது நல்லம்?" என்று கேட்டேன்.

மூன்று விதம் எடுத்து வைத்தான். முதலாவது நீண்ட காலம் உழைக்குமாம், விரலுக்குக் கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. இரண்டாவது மெதுமை, ஆனால் தண்ணீர் வடிய அதில் ஒழுங்கான வழி இல்லை. இந்த முறை விரலை மட்டும் நம்பாமல் குனிந்து இலக்கத்தையும் வாசித்தேன். மூன்றாவது இந்த வருடத்து டயர். நடுவில் அகலமாக நாலு வாய்க்கால் சுற்றி ஓடின, சுவர்ப்பக்கம் அழுத்தினால் கொஞ்சம் இணங்கியது.

"இதத்தான் ஓல் சீசன் எண்டு சொல்றாங்க, எல்லாக் காலத்துக்கும். வெளிநாட்டில நாலு காலம், எங்களுக்கு வெயில், மாரி எண்டு ரெண்டுதானே."

"எனக்கு மூணு காலம் தம்பி. செவ்வாய், வியாழன், சனி."

அவன் சிரிக்கவில்லை. அந்த டயரை என் பக்கம் உருட்டிவிட்டான். "கெதியாத் தேயும், பெற்றோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்," என்றான். குடிக்கட்டும் என்றேன். காற்றையும் எல்லாரும் அடிக்கிற மாதிரி நாற்பதுக்கு அடிக்காமல், கதவுக்குள் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து அடித்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஓட்டிப்போய், ஈரத்தில் மூன்று தரம் பிறேக்கை மிதித்தேன். மூன்று தரமும் மிதித்த இடத்தில் நின்றது.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"இஞ்சாருங்க. வியாழக்கிழமப் பிழை மழையிலயும் இல்ல, மாட்டிலயும் இல்ல. நான் வாங்கின டயர்ல. அது பூ இல்லயாம், பனியாம். மார்கழிப் பனியும் இல்ல, ஐஸ் பனி."

போர்வையை விலக்கி என்னைப் பார்த்தார். "ஐஸ் நாட்டு டயரிலயா என்னக் கொண்டுபோன?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய்க் குனிந்து பார்த்தேன், மனிசன் சிரிக்கிறார். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

"இப்ப மாத்திட்டன். செவ்வாய்க்கிழம சுபஹுத் தொழுதுட்டு நான் காருக்குள்ள இருப்பன். நீங்க வராட்டி ஹோர்ன் அடிப்பன். தெரு முழுக்க எழும்பட்டும்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய் விடியவும் மழை பிடித்துக்கொண்டது. சொன்ன மாதிரியே காருக்குள் இருந்தேன். ஒரு தரம் ஹோர்ன் அடித்தேன். பக்கத்து வீட்டில் லைட் எரிந்தது. இரண்டாம் தரம் அடித்தேன், எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மூன்றாம் தரத்துக்குக் கையை வைத்தபோது எங்கள் கதவு திறந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். தன்னுடைய செருப்புக்குள் கால் போகாமல், குசினியில் சமைக்கும்போது நான் போடுகிற பெரிய றப்பர் செருப்பைப் போட்டிருந்தார். ஏறியதும் வலது கை குறுக்கே போய்க் கைபிடியைப் பிடித்தது. விரல்கள் கார் வெளிக்கிட முந்தியே வெளுத்திருந்தன.

மாவடிப்பள்ளியில் வெள்ளம் றோட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மெதுவாகக் கடந்தேன். அந்த வாய்க்கால் கட்டுக்கு வரவும் எருமைகள். ஒன்றில்லை, இருபது முப்பது, றோட்டுக்குக் குறுக்கே சாவகாசமாக ஏறிக்கொண்டிருந்தன. "யா அல்லாஹ்" என்று அவர் வாய்க்குள் சொன்னது கேட்டது. மிதித்தேன். கார் ஒருமுறை தலையைக் குனிந்து அப்படியே நின்றது. முன்னால் நின்ற எருமை எங்களைப் பார்த்தது, நான் எருமையைப் பார்த்தேன். அவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிக் கன்று இறங்கும் வரைக்கும் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சம்மாந்துறை தாண்டிய பிறகுதான் பக்கத்தில் அந்தச் சத்தம் கேட்டது. லேசான குறட்டை. கைபிடி வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் மலர்ந்து கிடந்தது, நாலு விரலிலும் குறுக்கே கைபிடி அழுத்திய சிவப்புக் கோடு. முன்னால் தண்ணீர் நிறைந்த ஒரு குழி, விலகிப் போக இடமில்லை. மெதுவாக அதற்குள் இறக்கி ஏற்றினேன். கை மடியிலேயே கிடந்தது. குறட்டை நிற்கவில்லை.