ஜோடியாகத்தான் சேர்க்க முடியும்

"நான் உயிரோட இருக்கும்போதே என் பேரை எடுத்துடுவீங்களா?"

மாமனார் தட்டைத் தள்ளிய வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. யாரும் அவர் பெயரை எடுத்துவிடவில்லை. எடுக்கலாமா என்று மருமகள் கேட்டாள், அவ்வளவுதான்.

அவள் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். அங்கே மருத்துவக் காப்பீட்டில் ஊழியரின் குடும்பத்தோடு பெரியவர்கள் இரண்டு பேரைச் சேர்க்கலாம். ஆனால் ஜோடியாகத்தான் சேர்க்க வேண்டும். ஒன்று, பெற்றவர்கள், இல்லாவிட்டால் மாமனார் மாமியார். இங்கே ஒருவர் அங்கே ஒருவர் என்று கலக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் மாமியார்தான் அதில் இருந்தார்கள். இப்போது அவளுடைய அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா இறந்தபின் தனியாக அடுத்த தெருவில் குடியிருக்கும் அந்த அம்மா, விலாவைப் பிடித்துக்கொண்டு, "வெறும் வாயுதான்டி" என்று சொல்லி நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளைச் சேர்த்துட்டு மாமனாரை விட்டுட்டான்னு நாலு பேரு சிரிப்பாங்க," என்றார் மாமனார்.

"கட்டிங் மாஸ்டர் அவரோட அப்பா அம்மாவைத்தான் சேர்த்திருக்காரு மாமா. யாரும் சிரிக்கலையே?"

"அவன் ஆம்பளை!"

பள்ளி வேன் ஓட்டும் மகன் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் வேனுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஓட்டுகிற அவனுக்குக் கிடையாது. அவன் உடம்பும் மனைவியின் தயவில்தான் பாதுகாப்பாக இருந்தது. ஆகவே இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

மாமனார் கிடங்குச் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் மாத்திரையைக்கூட அவமானமாக நினைக்கும் இரும்பு உடம்பு. ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் அடுத்தவரைப் பார்க்கத்தான். இருந்தாலும் தன் இடத்தை விடுவதாக இல்லை.

மறுநாள் காலை, காப்பீட்டைப் புதுப்பிக்க இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தது. மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். மாமியார் எடுத்தாள்.

"பெரியவங்க விவரம் போன வருஷம் மாதிரியே வெச்சுக்கலாமாம்மா?" என்றது ஒரு பெண் குரல்.

"வேணாம். எங்க ரெண்டு பேரையும் எடுத்துடு. மருமகளோட அம்மாவைப் போடு."

"அதை ஊழியர்தான் சொல்லணும்மா."

ஈரத் தலையோடு வந்த மருமகளிடம் போன் கை மாறியது. அவள் போனைப் பொத்திக்கொண்டு, "அத்தே, உங்களுக்குச் சுகர் இருக்கே!" என்றாள்.

"மாத்திரையைக் கைக்காசுலதானே வாங்குறோம்? ஆஸ்பத்திரியில படுத்தாத்தானே இவங்க குடுப்பாங்க. நான் படுக்க மாட்டேன். சொல்லுடி!"

மருமகள் சொன்னாள்.

"இதுக்கு உங்க வீட்டுக்காரர் சம்மதம் இருக்கா?" என்றது குரல்.

மாமியார் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏம்மா, ஆம்பளைங்க ஆளு மாத்தும்போது பொண்டாட்டி சம்மதம் கேப்பீங்களா?"

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்களுக்குக் குடுத்த தாள்ல அந்தக் கேள்வி இல்லைங்கம்மா," என்றாள் அந்தப் பெண், பாவம், உண்மையாகவே.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் சம்பந்தியம்மாள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க இடத்தைப் பறிச்சுக்கிட்டேனே!"

"நீங்க எங்க பறிச்சீங்க? இடத்தை ரெண்டோட நிறுத்துனவனைக் கேக்கணும்," என்றாள் மாமியார்.

அந்தப் பேச்சு மருமகளின் மனதை அரித்தது. மதியச் சாப்பாட்டு அறையில் வாய் திறந்தாள். திறந்த பிறகுதான் தெரிந்தது, பொத்தான் தைப்பவளுக்கும் அதே கதை, மடித்து அடுக்குபவளுக்கும் அதே கதை. வீட்டுக்கு வீடு யாரோ ஒருவரைத் தள்ளிவிட்டுத்தான் இன்னொருவரைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் வரட்டும். சம்பளத்துக்கு ஏத்த மாதிரி எல்லாரும் கட்டுவோம். மேனேஜர் அதிகமா, நாம குறைச்சலா," என்றாள்.

இஸ்திரி போடும் இளவட்டம் ஒருவன் மார்பை நிமிர்த்தினான். "எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையே! நான் ஏன்க்கா கட்டணும்?"

"வியாதி வந்தப்புறம் வெளியில தனியா பாலிசி கேட்டுப் போய் நில்லு, உன்னைச் சேர்த்துக்குறாங்களான்னு பார்ப்போம்."

அவன் மார்பு இறங்கியது.

வீட்டில் வேறு வேடிக்கை. காப்பீட்டிலிருந்து பெயரை எடுத்த நாளிலிருந்து இரும்பு உடம்பு கண்ணாடி உடம்பாகிவிட்டது. மாமனார் குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு தும்மலுக்கு மூன்று முறை நாடி பார்த்துக்கொண்டார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் சேர்க்கச் சொல்லித் தொழிற்சாலை வாசலில் பெண்கள் கூடி நின்ற அன்று, அழைக்காமலே வந்து முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் மாமியார்.

மேனேஜர் வெளியே வந்தார். "தலைமை ஆபீஸுக்கு எழுதுறேன், எல்லாரும் உள்ளே போங்க" என்றார். யாரும் நகரவில்லை. அவர் பார்வை மாமனாரின் நரைத்த மீசையில் நின்றது.

"பெரியவரே, நீங்க எந்தப் பிரிவு? தையலா, கட்டிங்கா?"

"கட்டிங்தான். என்னைத்தான் கட் பண்ணிட்டாங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமனாருக்கு உற்சாகம் பிறந்தது. "என்னை மறுபடி சேர்க்கணும்! என்னை—"

மாமியார் அவர் முழங்கையில் இடித்தாள். "சுகர்காரி நானும்தான் வெளியில நிக்கிறேன். இத்தனை நாள்ல ஒரு வார்த்தை கேட்டீங்களா? 'என்னை' இல்ல. 'எல்லாரையும்'னு சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, லாரிகளை நிறுத்திய அந்தப் பழைய கிடங்குக் குரலில் அந்த வார்த்தையைச் சொன்னார்.