ஃபாயிசாவின் மாடி அறை

ஏலக்காய் விலை என்றுமில்லாத உச்சத்துக்குப் போன 2019-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போடிநாயக்கனூரில் ஃபாயிசா குடியிருந்த மாடி அறை வீட்டை விட்டுப் பிரிந்து ஒரு சாண் மேலே எழும்பி நின்றது. கீழே கிட்டங்கியில் ஏலக்காய் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் சஜ்ஜாத், தலையில் சிமெண்டுப் பொடி கொட்டியதும் எலி என்று நினைத்தார். தெருவில் போனவர்கள் வீட்டுக்கும் அறைக்கும் நடுவே ஒரு வரி வெளிச்சம் தெரிவதைப் பார்த்து, கொத்தனார் சிமெண்டில் கை வைத்திருப்பான் என்று பேசிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்கள். அன்றைக்குப் பேச வேறு விஷயமும் இருந்தது. ஏலத்தில் விலை மறுபடி ஏறியிருந்தது.

ஃபாயிசாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒத்துவராமல் ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொண்டு போடிக்கே திரும்பியவள். அத்தா ஹபீப் ரஹ்மான் மௌத்தாகும் முன்பே கீழ்வீட்டை மகனுக்கும் மாடி அறையை மகளுக்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அறையோடு ஒரு குளியலறையும் தலைக்கு மேலே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன. தெருப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூசன் எடுத்தாள். மற்ற நேரமெல்லாம் அவள் ஸ்டீம்பங்க்கில் இருந்தாள்.

கம்பத்தில் இருக்கும்போதே போனில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்திருந்தாள். அவர்கள் பல தேசத்து ஆட்கள். பெட்ரோலும் கரண்டும் வந்து சேராமல், விக்டோரியா ராணி காலத்து நீராவியோடேயே உலகம் வளர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, அதற்குத் தக்கபடி உடுத்தி, அதற்குத் தக்கபடி கதை எழுதி, அந்த முறைப்படியே டீயும் குடிப்பவர்கள். அந்தக் கதைகளில் இரும்புக் கப்பல்கள் ஆகாயத்தில் போயின. பெண்கள் கண்ணில் தாமிரக் கண்ணாடியும் இடுப்பில் திருப்புளியுமாக எந்திரங்களை ஓட்டினார்கள். ஃபாயிசாவுக்கு அதில் பிடித்தது வேறொன்று. அந்த உலகத்தில் எந்தச் சாமானும் தன் உள்விவகாரத்தை மறைப்பதில்லை. பல்சக்கரம் சுற்றுவது வெளியே தெரியும். அழுத்தம் ஏறினால் முள் காட்டிக்கொடுக்கும். கம்பத்து வீட்டில் யார் மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குக் கடைசிவரை தெரிந்ததே இல்லை.

போடிக்கு வந்த பிறகு தைக்க ஆரம்பித்தாள். பழுப்பு நிறத்தில் தரை தொடும் பாவாடை. பின்பக்கம் உப்பி நிற்பதற்கு இலவம்பஞ்சு அடைத்தாள், போடியில் அதற்குக் குறைவில்லை. வெல்டிங் பட்டறைக் கண்ணாடிக்குப் பித்தளை விளிம்பு கட்டினாள். உயரமான கறுப்புத் தொப்பியில் பழைய கைக்கடிகாரங்களின் சக்கரங்களையும், ஏலக்காய் உலர்த்தும் எந்திரத்திலிருந்து கழற்றிப் போட்ட ஒரு வெப்பமானியையும் பொருத்தினாள். முக்காட்டின் மேல் அந்தத் தொப்பி கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று எவர்சில்வர் தட்டுகளை நடுவில் கம்பி கொடுத்து அடுக்கி, கீழ்த்தட்டில் வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி, நடுவில் பன், மேலே கேக் என்று வைக்கப் பழகினாள். வெந்நீர் ஊற்றிக் கூஜாவைச் சூடாக்கிய பிறகே தூளைப் போட வேண்டும் என்பதும், கையுறையைக் கழற்றி மடியில் வைத்த பிறகே கோப்பையைத் தொட வேண்டும் என்பதும் அவளுக்குத் தொழுகை நேரம் போல மனப்பாடம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி டீக்கு அண்ணன் மனைவி சுஃபியாவையும் இரண்டு சொந்தக்காரப் பெண்களையும் அழைத்தாள். வந்தார்கள். ஃபாயிசா தொப்பியோடு கதவைத் திறந்ததும் ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போட்டோ எடுத்தார்கள், பன்னைத் தின்றார்கள், கோப்பை சின்னதாக இருக்கிறதே என்றார்கள். ராத்திரிக்குள் அந்தப் போட்டோ கம்பம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு சுஃபியாவுக்குச் சோலி இருந்தது, மற்றவர்கள் பதிலே அனுப்பவில்லை. நாலு மணிக்கு ஃபாயிசா தன் கோப்பையில் டீ ஊற்றினாள். எதிர் நாற்காலியின் கோப்பையிலும் ஊற்றினாள். அதிலிருந்து ஆவி எழும்பியது, அறையும் எழும்பியது.

அதற்குப் பிறகு ஆள் வராத ஒவ்வொரு டீக்கும் அறை கொஞ்சம் மேலே போனது. மாடிப்படி எட்டாமல் போனபோது மூங்கில் ஏணி வைத்தார்கள், அதுவும் எட்டாமல் போனது. டியூசன் பிள்ளைகள் நின்றுபோய், பாடம் போன் வழியாக நடந்தது. மின்சார வாரியத்திலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, வயரை நீளமாக விட்டுக் கொடுத்தார். ஜமாஅத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இது பேச்சுக்கு வந்தது. அறை பள்ளிவாசல் மினாராவை விட உயரக் கூடாது என்று ஒருவர் சொன்னார், அது அவள் கையில் இல்லையே என்று இன்னொருவர் சொன்னார், பிறகு கபர்ஸ்தான் சுற்றுச்சுவர் விஷயத்துக்குப் போய்விட்டார்கள். சஜ்ஜாத் லோடு கட்டும் கயிறு வாங்கி வந்து நாலு மூலையிலும் கட்டி, கிட்டங்கித் தூண்களில் முடிச்சுப் போட்டார். தண்ணீருக்கு ரப்பர் குழாய் விட்டார். சோறும் சாமானும் கூடையில் ஏறின. சஜ்ஜாத் பாசம் இல்லாதவர் அல்ல. கூடையில் மீன் குழம்பு வைக்கும்போது சிந்தாமல் இருக்கத் துணி சுற்றி வைப்பார். கீழிருந்து, 'சாப்ட்டியா?' என்று கேட்பார். மேலே வரமாட்டார்.

ஊரடங்கு வந்த வருஷம் எல்லா வீட்டிலும் ஆள் வராமல்தான் இருந்தது. ஆனால் மேலே போனது ஃபாயிசாவின் அறை மட்டும்தான். மினாராவைத் தாண்டி, செல்போன் டவரையும் தாண்டி நின்றது. அங்கிருந்து பார்த்தால் பொட்டிபுரத்து மலையும் ராசிங்காபுரத்துத் தோட்டங்களும் தெரிந்தன. ஒருநாள் ஜன்னலிலிருந்து கீழே தெரியும் ஊரை, தொப்பி விளிம்பும் சேர்ந்து விழும்படி போட்டோ எடுத்துத் தன் ஸ்டீம்பங்க் கூட்டத்துக்கு அனுப்பினாள். ஆகாயத்தில் குடியிருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கதை எழுதியவர்கள் அவர்கள். எந்த மென்பொருளில் செய்தாய், மேகம் அச்சு அசலாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். ஃபாயிசா நன்றி என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று எதிர்க் கோப்பையில் ஊற்றிய டீ ஆறி ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2022 கார்த்திகையில் அடித்த வாடைக்காற்றில் கயிறுகள் அறுந்தன. அறை போடியின் மேலாக மேற்கே நகர்ந்து, முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டி மலைப்பக்கம் போனது. செக்போஸ்ட்டில் இருந்தவர்கள் வண்டி இல்லாததால் நிறுத்தவில்லை. சஜ்ஜாத் பைக்கில் கொஞ்ச தூரம் துரத்திப் பார்த்து, முந்தலில் நின்று அழுதார் என்று சொல்கிறார்கள். அறை தன் உயரத்திலிருந்து கொஞ்சமும் இறங்கவில்லை. மலைதான் ஏறி ஏறி அதன் உயரத்துக்கு வந்தது. குரங்கணிக்கு மேலே, சரிவில் தனியாக இருந்த சுப்புத்தாயின் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே, பலா மர உயரத்தில் அது நின்றது. இரண்டு நாள் நல்ல மழை பெய்து தொட்டி நிரம்பியது. மூன்றாம் நாள் வெயில் அடித்தது, சுப்புத்தாய் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"ஏத்தா, மேல இருக்கறவளே. காப்பிக்கொட்டை காயப் போட்ருக்கேன். நீ நெழலக் கொண்டாந்து நிறுத்துனா அது எப்பிடிக் காயும்?"

ஃபாயிசா ஜன்னலில் எட்டிப் பார்த்து, அறையை நகர்த்தத் தனக்குத் தெரியாது என்றாள். தெரியாது என்றால் இறங்கி வந்து சொல்ல வேண்டும் என்றாள் சுப்புத்தாய். ஏணி இல்லை என்றாள் ஃபாயிசா. சுப்புத்தாய் முணுமுணுத்துக்கொண்டே போய், மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைத் தோளில் போட்டு வந்து சாத்தி, சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, சண்டையை மேலே வந்து போடுவதென்று ஏறினாள். அன்று ஞாயிறு. நாலு மணி. மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. சுப்புத்தாய் தொப்பியைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள். எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

"இந்தக் கப்பு யாருக்கு?"

"யாருக்கும் இல்லக்கா. வந்தவங்களுக்கு."

சுப்புத்தாய் உட்கார்ந்தாள். வாரம் ஆறு நாளும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போய் வருபவள், நாற்காலியில் உட்கார்ந்ததும் அவளுக்கு முட்டி வலி தெரிந்தது. டீயைச் சாசரில் ஊற்றி, ஊதி, உறிஞ்சிக் குடித்தாள். விக்டோரியா காலத்துக்கு முன்னால் அந்தச் சீமையிலும் சனங்கள் சாசரில் ஊற்றித்தான் குடித்தார்கள், பிறகுதான் அது மரியாதைக் குறைவாகிப் போனது என்று ஃபாயிசா எங்கோ படித்திருந்தாள். அவளும் தன் டீயைச் சாசரில் ஊற்றினாள். அப்போது அறை ஒரு சாண் கீழே இறங்கியது. கரண்டிகள் தட்டில் மோதிக் கிணுங்கின.

"எறங்குதா?" என்றாள் சுப்புத்தாய்.

"ஆமாக்கா."

"எறங்கட்டும். இன்னுங் கொஞ்சம் ஊத்து."

காப்பிக்கொட்டைப் படுதாவை மறுநாளே கிழக்கே தள்ளிப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகு ஞாயிறு தவறாமல், ஃபாயிசாவுக்கு வேண்டிய அரிசி சாமானோடு வந்தாள். வீட்டுக்காரன் செத்து எட்டு வருஷம் ஆகிறது என்பதும், மகன் பிரதீப் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறான், ஞாபகம் வந்தால் போன் பண்ணுவான் என்பதும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தன. பாதி நேரம் இருவரும் பேசவே மாட்டார்கள். ஃபாயிசா ஆகாயக் கப்பல் கதைகளைத் தமிழில் சொல்வாள். கப்பலில் கக்கூசு எங்கே இருக்கும் என்று சுப்புத்தாய் கேட்பாள். கதை எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை என்று ஃபாயிசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பித்தளைக் கண்ணாடி ஜீப்புத் தூசிக்கு ஆகுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் சுப்புத்தாய். மறுநாள் ஜீப்பில் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். கூடவந்த பெண்கள் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள்.

மறு வருஷம் பங்குனியில் சஜ்ஜாத் இரண்டு ஜீப்பும் கயிறுமாக வந்தார். அறையை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்துச் சிமெண்டு போட்டுவிடுவதாகத் திட்டம். உத்தமபாளையத்தில் மனைவியை இழந்த ஒருவர் இருந்தார், மளிகைக் கடை, நல்ல மனிதர். அறை பறந்ததைப் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை, இந்த உடுப்பை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்றிருந்தார். சஜ்ஜாத் இதையெல்லாம் முற்றத்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னார். ஃபாயிசா ஜன்னலில் நின்று கேட்டுவிட்டு, டீ போட்டிருக்கிறேன் என்றாள். அவர் ஏணியைப் பார்த்தார். அவருக்கு உயரம் ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், வெளியே சொன்னதில்லை. ஜீப்பு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

அவ்வளவு வருஷத்தில் தங்கை அறைக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. மேசை, தொப்பி, சுவரில் தொங்கிய சக்கரங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். கோப்பையைக் கைப்பிடியில் பிடிக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குடித்தார்.

"மூணு வருசம் கூடையில சோறு அனுப்புன, அண்ணே," என்றாள் ஃபாயிசா. "ஒரு நாளு அந்தக் கூடைக்குப் பதிலா நீ வந்திருக்கலாம்."

காலடியில் தரை மெல்ல இறங்குவது சஜ்ஜாத்துக்குத் தெரிந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். குடித்து முடித்து, "உனக்கு இங்க பயமா இல்லையா?" என்று கேட்டார். பயம் இல்லை, சில நாள் சாயங்காலம் மட்டும் கஷ்டமாக இருக்கும் என்றாள். அவர் தலையை ஆட்டினார். கீழே இறங்கி, கயிற்றைச் சுருட்டி ஜீப்பில் போடச் சொன்னார். உத்தமபாளையத்துக்காரருக்கு அவரே போன் பண்ணி, தங்கைக்கு வேறு யோசனை இருக்கிறது என்றார். அதற்கப்புறம் பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி எடுத்துக்கொண்டு வந்தார். அறை ஏணி உயரத்தோடு நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினார்.

2024-இல் பிரதீப்புக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, வா என்று அம்மாவைக் கூப்பிட்டான். சுப்புத்தாய் கடைசி ஞாயிறு வழக்கம்போல வந்து வழக்கம்போலக் குடித்தாள். "போய்ட்டு வர்றேன்னு சொல்லிக்கிறேன். வருவனான்னு தெரியல," என்றாள். ஃபாயிசா வாசல்வரை வந்தாள். ஜீப்பு வளைவில் மறைந்த பிறகும் அதன் சத்தம் சரிவில் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ஃபாயிசா இரண்டு கோப்பையிலும் ஊற்றினாள். அறை ஏறியது. அதற்கடுத்த ஞாயிறும் ஊற்றினாள், ஏறியது. ஏணியின் நுனி வாசலுக்குக் கீழே ஒரு முழம் இறங்கிப் போயிருந்தது. இன்னும் ஒரு டீ, அதற்கப்புறம் ஏணிக்கும் தனக்கும் சம்பந்தம் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க மேகம் ஜன்னலைத் தொட்டுக்கொண்டு போனது. மேலே என்ன இருக்கும் என்று யோசித்தாள். கதைகளில் அங்கே கப்பல்கள் இருந்தன. கப்பல்களில் ஆட்கள் இருந்தார்கள்.

மூன்றாம் ஞாயிறு அவள் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பாவாடையும் முக்காடும் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு ஏணியைத் துழாவினாள். கால் பட்டது. உப்பிய பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடி இறங்கினாள். மண் ரோட்டில் குரங்கணிக்கு நடந்தாள். தொப்பிச் சக்கரங்களில் வெயில் பட்டது. ஜீப்பு நிற்கும் இடத்தில் மொக்கையனின் டீக்கடை. பெஞ்சில் தோட்டத்து ஆட்களும் மலையேற வந்த வெளியூர்ப் பையன்களும் இருந்தார்கள். ஒரு டீ என்றாள். மொக்கையன் சீனி எவ்வளவு என்று கேட்டார், கம்மியாக என்றாள். பெஞ்சு நுனியில் இருந்த பெரியவர் பாவாடையின் அகலத்தைப் பார்த்து, அதற்குத் தகுந்தாற்போல நகர்ந்து உட்கார்ந்தார். அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கிளாசை வாங்கினாள். கிளாஸ் சுட்டது. பக்கத்தில் யாரோ மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வரும் என்றாள் அவளும்.

வெளியூர்ப் பையன்களில் ஒருவன் சரிவின் மேலே கையை நீட்டி, அங்கே ஆகாயத்தில் நிற்பது என்ன என்று கேட்டான்.

மொக்கையன் வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுவா? இந்த அக்கா வீடு," என்றார். "தம்பி, தள்ளி நில்லு. எண்ணெ தெறிக்கும்."