மூணு அழுத்து, ஒண்ணு விடு

இந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் எது என்பதில் எனக்கும் பின்னத்துக்கும் சண்டையே வரவில்லை. அங்கேயே ஏதோ கோளாறு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பின்னம் என் வகுப்புத் தோழன். டிரம்ஸ் வாசிப்பவன். நாலு நாலாக எண்ணி முடிகிற எதையும் பாட்டு என்று ஒப்புக்கொள்ள மாட்டான். எட்டில் ஏழு, பதினாறில் பதின்மூன்று என்று யாராலும் சுருக்க முடியாத பின்னங்களில்தான் கை வைப்பான். அதனால் வந்த பெயர். கல்லூரி ஆண்டு விழாவில் அவன் வாசித்தபோது, தாளத்துக்குக் கைதட்ட ஆசைப்பட்டவர்கள் எல்லாம் இரண்டு கைகளையும் தூக்கியபடி எங்கே தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சரணடைந்த மாதிரி இருந்தது.

நான் எதையும் வாசிப்பதில்லை. வாசிப்பவர்களைப் பற்றிக் கல்லூரி இதழில் எழுதுகிறேன். ஆண்டுக் கடைசியில் ப்ரோக்ரசிவ் மெட்டல், போஸ்ட் ராக், ஆம்பியன்ட் மூன்றிலும் சிறந்தவற்றை நாங்கள் இருவரும் உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம். அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் நாங்கள் இருவரும், பிழை திருத்துபவரும். அவரும் சம்பளத்துக்காகத்தான்.

இசைக்குழுக்கள் பெரும்பாலும் குளிர் தேசங்களைச் சேர்ந்தவை. பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் வாயில் ஐஸ்கட்டி வேண்டும். அதனால் அட்டைப் படத்தை வைத்துக் கூப்பிடுவோம். 'மாடிப்படி' என்பது மெட்டல். ஒரே பாட்டு, ஒருவன் கோபமாகத் தொடங்கி, அதைவிடக் கோபமாக முடிப்பான். 'ஃப்ரிட்ஜ்' ஆம்பியன்ட், தாளமே இல்லாமல் ஒரே ரீங்காரமாக ஓடுகிற இசை. அட்டையில் இருப்பது பனிமலைதான். ஆனால் அதை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னத்தின் அக்கா எழுந்துபோய்ச் சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். அதைப் பற்றி நான் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். 'வெள்ளைச் சுவர்' போஸ்ட் ராக், பாடகன் இல்லாமல் கிட்டார்களே மெல்ல மெல்ல ஏறுவது.

"வெள்ளைச் சுவர்தான் முதலிடம்" என்றான் பின்னம். "பேச்சுக்கே இடமில்ல. ஆரம்பத்துல ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே இல்லடா. சுத்தமா சைலன்ஸ். எவனுக்குடா இந்த தைரியம் வரும்?"

நான் அந்த ஆல்பத்தை ஐந்தாறு முறை கேட்டிருந்தேன். அந்த இரண்டு நிமிடத்திலும் ஒரு கிட்டார் இருந்தது. தயங்கித் தயங்கி, கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று வாசலில் நிற்பவனைப் போல ஒரு கிட்டார். ஆனால் இந்த வகை இசை கேட்பவர்கள் நடுவில் 'எனக்குக் கேட்டது' என்று சொல்வது கொஞ்சம் கௌரவக் குறைவு. கேட்காததைப் பாராட்டுவதுதான் முதிர்ச்சி.

"ஆமாடா" என்றேன். "தைரியம்தான்."

"கேளு, மறுபடியும் கேளு" என்று இயர்போனின் ஒரு முனையைத் தன் வலது காதில் செருகிக்கொண்டு மறுமுனையை என்னிடம் கொடுத்தான். கட்டில் விளிம்பில் தோளோடு தோள் உட்கார்ந்து கேட்டோம். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பாரு... ஒண்ணுமே இல்ல..." என்று தலையை ஆட்டினான். என் காதில் அந்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"டேய், கிட்டார் வாசிக்கிறான்டா."

"எங்க?"

"இதுல. இடது முனையில மட்டும்தான் வருது." என் முனையைக் கழற்றி அவன் இடது காதில் வைத்தேன். அவன் உதட்டைப் பிதுக்கினான். "ஒயர் போயிடுச்சு." அதே முனையை எடுத்து அவன் வலது காதில் வைத்தேன்.

அவன் முகத்தில் நான் எதிர்பார்த்தது பயம். வந்தது ஏமாற்றம். "ச்சே" என்றான். "அப்போ இது ரெண்டாமிடம்தான்."

பிறகுதான் சொன்னான். கொஞ்ச நாள் முன்பு காலையில் எழுந்தபோது இடது காது அடைத்த மாதிரி இருந்ததாம். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும், தானே வடிந்துவிடும் என்று விட்டுவிட்டானாம்.

"வலிக்குதா?"

"வலிச்சா சொல்ல மாட்டேனா? அது பாட்டுக்கு சும்மா இருக்கு."

அக்கா மருந்து மொத்த விற்பனை நிலையத்தில் பில் போடுபவள். வீட்டில் அம்மாவுக்கே அவளிடம் பயம். விஷயம் தெரிந்த மறுநாளே அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். பெரிய மருத்துவரிடம் வரிசை நீளம் என்பதால், காது மெஷின் விற்கிற கடை ஒன்றின் பின்னால் இருந்த பரிசோதனை அறைக்குப் போனோம். ஒரு மூலையில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்னப் பெட்டி அறை. உள்ளே சுவரெல்லாம் பஞ்சு. பின்னத்தை உள்ளே உட்கார வைத்து, பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார் பரிசோதகர். நடுத்தர வயதுப் பெண். காலையிலிருந்து எத்தனை காதுகளைப் பார்த்தாரோ, முகத்தில் ஓய்ச்சல்.

"சத்தம் கேட்டா அழுத்துங்க. ரொம்ப சின்னதா கேட்டாலும் அழுத்துங்க. கேக்கலைன்னா விட்டுடுங்க. முதல்ல வலது, அப்புறம் இடது."

கதவை மூடினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பின்னம் விண்வெளிக்குப் போகிறவனைப் போல எங்களைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். அவர் குமிழைத் திருகித் திருகி அழுத்தினார். அவன் பட்டனை அழுத்தும்போதெல்லாம் மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. வலது முடிந்தது. இடது. பச்சை எரிந்தது, எரிந்தது, எரிந்தது, நின்றது, எரிந்தது, எரிந்தது. அக்கா பெருமூச்சு விட்டாள்.

"ரெண்டு காதும் நார்மல்" என்று பரிசோதகர் கோடு போட்ட தாளை நீட்டினார். "அழுக்கு அடைச்சிருக்கும், இல்லைன்னா சளி. நல்ல வேளை. திடீர்னு நரம்புல வர்ற பிரச்சினையா இருந்தா உடனே மாத்திரை ஆரம்பிக்கணும். தள்ளிப்போட்டா போனது போனதுதான்."

பேருந்தில் அக்காவுக்கு முன்னால் இடம் கிடைத்தது. நாங்கள் பின்னால் நின்றோம். பின்னம் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான்.

"அந்தம்மா செமடா" என்றான். "அவங்களுக்கே தெரியாம ஒரு தாளம் வச்சிருக்காங்க. மூணு அழுத்து, ஒண்ணு விடு, ரெண்டு அழுத்து. அப்புறம் கொஞ்சம் மூச்சு விட்டு மறுபடியும். வலது பக்கம் பாதி போறதுக்குள்ள பிடிச்சுட்டேன்."

"இடது பக்கம்?"

"அதேதான்."

"அதேதான்னா, கேட்டுச்சா?"

அவன் தட்டுவதை நிறுத்தினான். "கேட்டுச்சுன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"கை தானா அழுத்துதுடா. அடுத்த அடி எங்க விழும்னு தெரிஞ்சா நான் எப்படி சும்மா இருக்கறது? எங்க விடணும்கறதுகூட தாளத்துலயே இருக்கே. விட வேண்டிய இடத்துல கரெக்டா விட்டேன்."

பெருமையோடு சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. வலது காதில் பாடம் படித்து இடது காதில் பரீட்சை எழுதியிருக்கிறான். நூற்றுக்கு நூறு.

"திரும்பிப் போலாம்டா. இறங்கு."

"எதுக்கு? நார்மல்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க படிச்சவங்க." இதற்குள் நான் இறங்குவதற்காக நகர்ந்து அவன் இடது பக்கம் வந்திருந்தேன். நான் இரண்டாம் முறை சொன்னது அவனுக்கு எட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்று மாலையே அக்காவிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள்.

"வட்டம் போட்டது வலது, பெருக்கல் போட்டது இடது. ரெண்டும் எப்படி ஒண்ணு மேல ஒண்ணு அழகா போகுது பாரு. இதை நம்பறதா, உன்னை நம்பறதா?"

"அக்கா, அவனுக்கு இடது காது கேக்கலை. நான் பார்த்தேன்."

"என்ன பார்த்தே?"

"ரெண்டு நிமிஷம் கிட்டார் வந்துச்சு. அவனுக்குக் கேக்கலை."

"அது என்ன பாட்டு?"

ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். அவள் ஃபோனைக் காதருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "எனக்கும்தான் ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

"அக்கா, ஃபோன் ஸ்பீக்கர்ல அது சரியா..."

"டேய், ஃப்ரிட்ஜ் ஓடற சத்தத்தைப் பாட்டுன்னு ரெண்டு பக்கம் எழுதினவன் நீ. உனக்கு எது கேக்குது, எது கேக்கலைங்கறதை வச்சு நான் என் தம்பிக்கு மருந்து வாங்க முடியாது." கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுப் போ என்கிற குரலிலேயே சொன்னாள். "இப்பதான் அம்மா நிம்மதியா தூங்கறாங்க. அவங்க காதுல இதைப் போடாதே."

ஒரு விமர்சகனாக இதுவரை யாரும் என்னை இவ்வளவு துல்லியமாக மறுத்ததில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பின்னத்திடம் கெஞ்சினேன். அதட்டினேன். அவன் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். வலது காதே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அவனும் திரும்பி, "பார்த்தியா?" என்றான். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தெரிந்த ஒரே வேலை எழுதுவது. இரவோடு இரவாக ஒரு கட்டுரை எழுதி யாருடைய நரம்பையும் சரிசெய்ய முடியாது.

கடைசியில் நானே அந்தக் கடைக்குப் போனேன். பரிசோதகர் டப்பாவைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"பேஷன்ட் வராம நான் எதுவும் சொல்ல முடியாதுங்க."

"சொல்ல வேண்டாம் மேடம். இதைக் கேளுங்க." மேஜைமேல் விரலால் தட்டினேன். மூன்று, ஒரு இடைவெளி, இரண்டு, ஒரு மூச்சு. மறுபடியும் மூன்று.

அவர் முதலில் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். அது நியாயம். நான்காவது சுற்றில் அவருடைய வலது கைக் கட்டைவிரல் ஸ்பூனின்மேல் என்னோடு சேர்ந்து அசைந்தது. அதை அவரே பார்த்தார். கையைக் கழுவாமலேயே கணினியில் பின்னத்தின் தாளைத் தேடி எடுத்தார்.

"ரெண்டு காதும் இவ்வளவு ஒரே மாதிரி யாருக்கும் இருக்காது" என்றார் மெல்ல. "நான் பார்த்திருக்கணும்." பிறகு, "எப்போலேந்து கேக்கலைன்னு சொன்னார்?"

சொன்னேன். அவர் டப்பாவை மூடிவிட்டார்.

அவரே அக்காவுக்கு ஃபோன் செய்தார். படித்தவர் சொன்னால் அக்கா கேட்பாள். அடுத்த நாள் பின்னம் அதே பஞ்சு அறையில் உட்கார்ந்தான். இந்த முறை பரிசோதகர் கடிகாரத்தையும் பார்க்கவில்லை, பழக்கத்தையும் நம்பவில்லை. நினைத்தபோது அனுப்பினார், நினைத்தபோது நிறுத்தினார். ஒலி போகும்போது மெஷினில் சிவப்பு விளக்கு எரிகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். வலதுக்குச் சிவப்பும் பச்சையும் சேர்ந்து சேர்ந்து எரிந்தன. இடது வந்தது. சிவப்பு மட்டும்.

பின்னம் தாளத்தைத் தேடினான். நெற்றி சுருங்கியது. கால் எண்ணியது. எண்ண எதுவும் கிடைக்கவில்லை. அப்போது அவன் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்த்தான். விளக்கு எனக்குத் தெரிகிறது என்பது அவனுக்குத் தெரியும். நான் இமைத்தால் போதும், அழுத்திவிடுவான். நான் சுவரில் ஒட்டியிருந்த காது மெஷின் விளம்பரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். வயதான தம்பதி ஒன்று எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது. அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் திரும்பவில்லை.

அங்கிருந்து நேரே மருத்துவரிடம். வரிசையை இந்த முறை அக்கா பேசியே உடைத்தாள். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்.

"திரும்ப வருமா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"சிலருக்கு முழுசா வரும். சிலருக்குப் பாதி. சிலருக்கு வராது."

"இவனுக்கு?"

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார். அக்கா மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். வீட்டுக்கு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாத்திரையில் பின்னத்தின் கன்னம் உப்பியது. பசி எடுத்துக்கொண்டே இருந்தது. நேரம் தவறாமல் அக்கா கையில் தண்ணீரோடு வந்து நிற்பாள். மாலையில் நான் போனால் அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொள்வான். "தேய்" என்பான். அவன் இடது காதருகே நான் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். தினமும் இதுதான். தினமும் இல்லை என்று தலையாட்டுவான்.

நேற்றும் தேய்த்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இரு" என்றான். "ம். லேசா."

"நிஜமாவா?"

வலது காதை மூடியிருந்ததால் நான் கேட்டது அவனுக்கு எட்டவில்லை. "லேசாடா. யாரோ பக்கத்து ரூம்ல பேப்பரைத் திருப்பற மாதிரி" என்றான். சிரித்தான். உப்பிய கன்னத்தில் அந்தச் சிரிப்பு வேறு யாருடையதோ போல இருந்தது.

நான் விரல்களை நிறுத்தினேன். கையை மட்டும் அங்கேயே வைத்திருந்தேன்.

"இப்போ இன்னும் தெளிவா இருக்கு" என்றான்.

கதவருகே அக்கா தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தாள். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறப்பதற்குள் நான் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தேன்.