முட்டையிடா வேலைநிறுத்தம்

பவளத்தின் வயிற்றிலிருந்த புழுக்கள் சங்கம் அமைத்த மறுநாளே, தங்களுக்காகப் பேச ஞானமுத்துவை அழைத்தன.

பவளம் ஊட்டி ஏரிக்கரையில் சவாரி போகும் குதிரை. ஞானமுத்து தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வருஷம் துண்டறிக்கை எழுதியவர். பதினேழு வேலைநிறுத்தம் நடத்தினார், பதினேழிலும் தோற்றார். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளி ஒரு நாள்கூட ஆதரவாகக் கூடையைக் கீழே வைத்ததில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று மேனேஜர்கள் ஓரத்தில் எழுதித் திருப்பிய மனுக்கள் வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடந்தன. சாவதற்குள் ஒன்றிலாவது ஜெயிக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடிதம் பவளத்தின் லத்தியோடு வந்திருந்தது. குதிரைக்காரர் உஸ்மான் அதைத் துடைத்துக் கொடுத்தார்.

“உங்க ஆளுங்கதான் தோழரே. பேசி முடிங்க. குதிரை இளைக்குது.”

வெள்ளிக்கிழமை கால்நடை டாக்டர் ரெஜினா லத்தியை நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டைகளை எண்ணுவார். கிராமுக்கு இருநூறைத் தாண்டினால் மருந்து. தாண்டாவிட்டால் கிடையாது, சும்மா சும்மா கொடுத்தால் மருந்து புழுவுக்குப் பழகிப்போகும் என்பது அவர் கட்சி. ஞானமுத்து இரண்டு பீடி தீரும்வரை யோசித்தார். பிறகு ஒரே வரியில் துண்டறிக்கை எழுதி, வெல்லத்தில் பொதிந்து பவளத்துக்கு ஊட்டினார்: வெள்ளிவரை யாரும் முட்டையிடக் கூடாது.

தோட்டத்தில் இப்படி எழுதினால் விடிவதற்குள் நாலு கருங்காலிகளாவது கிளம்பிவிடுவார்கள். பவளத்துக்குள் ஒருவர்கூட அசையவில்லை.

வெள்ளியன்று டாக்டர் இரண்டு தடவை எண்ணினார். ஒரு முட்டைகூட இல்லை. மருந்து நிறுத்தப்பட்டது. பேச்சுவார்த்தையில், கொள்ளில் கால் பங்குக்கு மேல் தொடுவதில்லை என்று புழுக்கள் எழுதிக் கொடுத்தன. பவளம் தலையாட்டியது. ஞானமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

லாயத்துக்கு வந்துபோகிறவர்களையும் சோதிப்பது விதி. ஞானமுத்துவும் ஒரு டப்பாவில் மலம் கொடுத்திருந்தார்.

“உங்களுக்கும் பூஜ்யம்தான் ஐயா,” என்றார் டாக்டர்.

“எனக்கு வயித்துல பூச்சியே இல்லையாம்மா?”

“நிறைய இருக்கு. செவ்வாய்க்கிழமைலேர்ந்து ஆதரவு வேலைநிறுத்தம்.”

ஞானமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் காலை அவருக்கும் ஒரு மனு வந்தது. பதினோரு கோரிக்கைகள். பீடியை நிறுத்த வேண்டும், ராத்திரிச் சோறு எட்டு மணிக்குள் இறங்க வேண்டும், வாரம் ஒரு நாளாவது கருவாடு வேண்டும். நடை அப்படியே அவருடைய நடை. எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. பெறுநர் என்ற இடத்தில் ‘முதலாளி ஞானமுத்து’ என்றிருந்தது.

அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். மனுவை முழுக்க வாசித்தார். ஓரத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதித் தேதி போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்து மூடினார்.